எனக்கு வந்த சாமி

விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் ரிப்போர்ட் டைப் செய்கிறேன். டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வார், நான் தட்டிக்கொண்டே போவேன். மைல்டு, மாடரேட், சிவியர். இந்த மூன்று வார்த்தைகளை அடித்து அடித்தே என் விரல் தேய்ந்துவிட்டது. கல்லீரலில் கொழுப்போ சிறுநீரகத்தில் வீக்கமோ, எது வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றில் போய் உட்கார்ந்துவிடும். எனக்கு அதில் ஒரு புகாரும் இல்லை. கல்லீரல் காலையில் ஒரு மாதிரியும் சாயங்காலம் ஒரு மாதிரியும் இருக்காது. நான் இருப்பேன்.

எனக்கு ஆட்டிசம் என்று முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. புதுச்சேரியில் ஒரு டாக்டர் சொன்னார். சொன்ன கையோடு, "உங்களுக்கு ஹை ஃபங்ஷனிங்தாம்மா, ரொம்ப மைல்டு, கவலையே படாதீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது, சிரித்தேன். அவரிடம் பேச வேண்டிய வாக்கியங்களை ஒரு வாரமாக வீட்டில் சொல்லிப் பார்த்துத் தயார் செய்து வைத்திருந்தேன். எப்போது தலையாட்ட வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்பது உட்பட. அந்த ஒத்திகையைப் பார்த்துவிட்டுத்தான் அவர் மைல்டு என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் கிளியனூர் வருவதற்குள் எனக்கு வாந்தி வந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்ததற்காக ஒருத்தி வாந்தி எடுப்பாள் என்று யாராவது நம்புவார்களா? பித்தம் என்றார்கள். எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள்.

குடியிருப்பது திண்டிவனத்தில். மாடியில் ஒரே ஒரு அறை. வேலை விழுப்புரத்தில் இருக்கும்போது எதற்கு இப்படித் தினமும் பஸ்ஸில் அல்லாடுகிறாய் என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள். இந்த அறையின் குழாய் எப்படிச் சத்தம் போடும், எந்த ஜன்னல் எப்போது அடிக்கும் என்று எனக்குத் தெரியும். புது அறை என்றால் அதையெல்லாம் முதலிலிருந்து பழக வேண்டும். அம்மா சென்னையில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "சாப்ட்டியா?" என்பார். "சாப்ட்டேன்" என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் எதுவும் தோன்றாது.

இப்படிப்பட்டவர்களுக்குத் தனியாக இருப்பதுதான் பிடிக்கும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. சுத்தப் பொய். எனக்கு ஆள் வேண்டும். கூட்டம்தான் வேண்டாம். பேச வேண்டிய கட்டாயம் இல்லாமல், முகத்தைச் சரி செய்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லாமல் பக்கத்தில் ஒரு ஆள். அவ்வளவுதான் கேட்டேன். அதற்கே இந்த ஊரில் நாதியில்லை.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பெற்றோர்களும், என்னைப் போல வளர்ந்து கெட்ட பிறகு தெரிந்துகொண்ட சிலரும் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அங்கே எதை ஆரம்பித்தாலும் சாயங்காலத்துக்குள் ஒரே சண்டையில் வந்து நிற்கும். ஹை ஃபங்ஷனிங், லோ ஃபங்ஷனிங் என்று சொல்லலாமா, கூடாதா? என்னைப் போல வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டவர்கள் கூடாது என்போம். மைல்டு என்று முத்திரை குத்தியதும் எங்களுக்கு உதவி நின்றுவிடுகிறது, சிவியர் என்று குத்தியதும் அவர்களை ஒரு வார்த்தை கேட்பதே நின்றுவிடுகிறது என்போம். பெற்றோர்கள், உங்களுக்கென்ன, டைப் பண்ணத் தெரிந்த மகராசிகள் என்பார்கள். யாராவது லெவல் ஒன்று, லெவல் இரண்டு என்று புதுக் கணக்கைக் கொண்டுவருவார்கள். யாராவது கும்பிடுகிற கை படத்தைப் போடுவார்கள். சண்டை மறுநாளைக்குத் தள்ளிப்போகும்.

ஒரு நாள் ஆற்றாமையில் நானும் நீளமாக எழுதினேன். மாற்றுத்திறனாளி அட்டைக்காக முகாமில் போய் நின்றதையும், "நல்லாத்தானே பேசுறீங்க, வேலைக்கு வேற போறீங்க, கஷ்டப்படறவங்களுக்கு வழி உடுங்கம்மா" என்று அனுப்பிவிட்டதையும் எழுதினேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேச்சே வராமல் கிடந்ததை அந்த முகாமில் யார் பார்த்தார்கள் என்று கேட்டேன். அதற்கு ஒரு அம்மாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றுகொண்டிருந்தபோது கேட்டேன்.

"இந்தாம்மா, நீ யாருன்னு எனக்குத் தெரியாது. நீ எழுதுறதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. எம் பொண்ணுக்குப் பத்தொம்பது வயசு. இன்னி வரைக்கும் ஒரு வார்த்த பேசுனதில்ல. பாத்ரூம் போனா நான்தான் கழுவி உடணும். சிவியர்ங்கற வார்த்தையையும் நீ புடுங்கிக்கினா எனக்கு இன்னா மிஞ்சும்? அவளும் நீயும் ஒண்ணா? சொல்லு, ஒண்ணா?"

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு போய்விடும், எழுத்து மட்டும் இருக்கும். எழுதி எழுதி அழித்தேன். அந்த அம்மாள் கேட்டதில் பாதி நியாயம் என்பதுதான் கோபத்துக்குக் காரணம். கடைசியில், "ஒண்ணு இல்லைங்க. ஆனா வேற வேறயும் இல்ல. நான் உங்க பொண்ண வந்து பாக்கலாமா?" என்று அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து வீட்டு லொகேஷன் மட்டும் வந்தது. அந்தக் குழுவில் எனக்குக் கிடைத்த நல்ல பதில் அது ஒன்றுதான்.

சனிக்கிழமை எங்கள் சென்டரில் அரை நாள். மத்தியானம் நேராக அந்த வீட்டுக்குப் போனேன். அக்கா என்றுதான் அவரைக் கூப்பிட்டேன், நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். பெண் நல்ல உயரம். சீப்பை வைக்க விடமாட்டாள் என்பதால் முடியைக் கிராப்பு வெட்டியிருந்தார்கள். சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து துணி கிளிப்புகளை நிறம் நிறமாக வரிசை வைத்துக்கொண்டு, "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தாள். நான் வந்ததை அவள் பார்க்கவில்லை என்று அக்கா சொன்னார். பார்த்தாள். நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தாள், ஓரத்தால்.

அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து தன் முதுகை என் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். அவளுடைய முனகல் என் எலும்பில் கேட்டது. நானும் அதற்குக் கீழே ஒரு சுருதி பிடித்து முனகினேன். அவள் நிறுத்தினாள். கேட்டாள். மறுபடி ஆரம்பித்தாள். அதற்கு முன்னால் யாரோடும் எனக்கு இவ்வளவு நல்ல பேச்சு நடந்ததில்லை.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். காலையில் பஸ் ஏறினதிலிருந்து என் முகம் வேலை செய்துகொண்டே இருக்கும். வருகிறவர்களைப் பார்த்துப் புன்னகை செய், டாக்டர் ஜோக்கடித்தால் சிரி, கண்ணைப் பார், ரொம்ப நேரம் பார்க்காதே. அந்த முகத்துக்கு அந்த வீட்டில்தான் லீவு. அக்கா வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வாளியில் எடுத்து எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். ஒரு வாரம் காய்கறி வாங்கப் போனார். ஒரு வாரம் பல் டாக்டரிடம். ஒரு வாரம், "சும்மா பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்துட்டு வந்தேம்மா. கையில யாரையும் புடிக்காம நடந்து எவ்ளோ நாளாச்சு" என்று சொல்லிவிட்டு, ஏதோ தப்பு செய்தவரைப் போல வெட்கப்பட்டார்.

எனக்கு அவர் வைத்த பெயர் மைல்டு. "மைல்டு, டீ போடட்டா?" "மைல்டு, சர்க்கர போதுமா?" சண்டை மட்டும் ஓயவில்லை. "நீ மைல்டுதான், ஒத்துக்கோயேன்" என்பார். "சில நாளு மைல்டுக்கா" என்பேன். "அது இன்னா, மழையா? சில நாளு பெய்யும், சில நாளு பெய்யாதா?" "ஆமாக்கா." தலையில் அடித்துக்கொள்வார். திரும்பி வந்து நாங்கள் இருவரும் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், "வாயே தொறக்காம எப்டித்தான் இவ்ளோ நேரம் பேசிக்கினு இருக்கீங்களோ!" என்பார். நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. வாரம் முழுக்க அந்த ஒரு மத்தியானத்துக்காகத்தான் பஸ் ஏறினேன்.

ஆடி மாசம் வந்தது. கெடாரைத் தாண்டி ஒரு சின்ன ஊர்தான் அக்காவின் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர். அங்கே அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழா. மகளை வைத்துக்கொண்டு போக முடியாமல் பல வருஷமாக அக்கா போகவில்லை. "நீ கூட வந்தா நான் போவேம்மா. நீ இருந்தா அவ அடங்குவா" என்றார். எனக்குத் திருவிழா என்றாலே ஆகாது. ஆனால் என்னை எங்கேயாவது வா என்று யாரும் கூப்பிட்டதில்லை. சரி என்றேன். சுடிதாரில் போய் நின்றதும், "கோயிலுக்கு இப்டியா வருவ? எங்க நாத்தனா நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேக்கும்" என்று தன்னுடைய மஞ்சள் புடவையை எனக்குக் கட்டிவிட்டார். பெண்ணுக்கு நான் வாங்கிக் கொடுத்த பெரிய ஹெட்போனை மாட்டினோம். நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன்.

ஓரமாக, வேப்பமரத்தடியில் நின்றோம். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. கேப்பைக் கூழ் அண்டாக்களில் ஆவி பறந்தது. கரகம் வரும் நேரத்தில் எங்கள் தலைக்கு மேலேயே மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயை எவனோ போட்டுவிட்டான். அதோடு பம்பை. அதோடு வெடி. பெண் ஹெட்போனைப் பிய்த்து எறிந்தாள். தன் கையைத் தானே கடித்துக்கொண்டு கத்தினாள். மண்ணில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடினாள்.

"இந்த மாதிரி புள்ளைய எதுக்குக் கோயிலுக்கு இட்டாந்தீங்க? ஜல்தி தூக்கிக்கினு போங்கப்பா, சாமி வர்ற நேரத்துல!" என்று ஒருவர் கத்தினார். இரண்டு பேர் அவளைத் தோளில் பிடித்துத் தூக்கினார்கள். கால் தரையில் இழுபட்டது. அக்கா பின்னாலேயே ஓடினார். தொடாதீர்கள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வார்த்தை எல்லாம் அப்படியே உள்ளே நின்றுவிட்டது.

அதற்கப்புறம் எனக்கும் வந்தது. அவளுக்கு வந்ததேதான். கை தானாக உதறியது. தலைமுடியைப் பிடித்து இழுத்ததில் கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. அவளுடைய அந்தச் சுருதியில் முனகிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினேன். ஒரே வித்தியாசம், அவள் உட்கார்ந்து ஆடினாள், நான் நின்று ஆடினேன். மஞ்சள் புடவையில், விரிந்த தலையோடு, வேப்பமரத்தடியில்.

"ஆத்தா வந்துட்டாடி!"

யார் முதலில் கத்தியது என்று தெரியாது. சுற்றிலும் பெண்கள் கூடிவிட்டார்கள். குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். என் உடம்பில் ஈரத் துணி ஒட்டினால் எனக்கு உயிர் போகும். கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். அதைவிட, பம்பைக்காரர்கள் நேரே என்னிடம் வந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்து முறை அப்படி. சாமி வந்தவள் வாயைத் திறந்து, யார் வந்திருப்பது, இன்ன குறை என்று சொல்லும் வரைக்கும் அடியை நிறுத்தக் கூடாது. பேசாவிட்டால் சாமி கோபமாக இருக்கிறது என்று அர்த்தம், இன்னும் வேகமாக அடிப்பார்கள். பம்பையை நிறுத்த ஒரே வழி பேசுவது. பம்பை அடிக்கிற வரைக்கும் எனக்குப் பேச்சு வராது. இந்தச் சிக்கலை எந்தக் கடவுளிடம் போய்ச் சொல்வது? நானேதான் அப்போது கடவுள்.

"வாயத் தொறந்து சொல்லு தாயே! இன்னா கொற வச்சோம்?" என்று பூசாரி என் காதருகே கத்தினார். அக்காவின் நாத்தனார், வீட்டுக்காரருடைய அக்கா, நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார். அவர் விரல் என் பாதத்தில் பட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. கடைசியில் கால் மடங்கி நான் உட்கார்ந்துவிட்டேன். "மலையேறிட்டா, ஆத்தா மலையேறிட்டா" என்றார்கள். சாமி உடம்பை விட்டுப் போவதை அப்படித்தான் சொல்வார்கள். விசிறினார்கள். முதல் கூழை எனக்கு ஊற்றினார்கள்.

பள்ளிக்கூட வராந்தாவில் அக்கா மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அங்கிருந்து பார்த்தேன். அவர்கள் பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பெண்ணின் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்திருந்தது. அக்கா கூட்டத்தின் நடுவே இருந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் திரும்பினோம். விழுப்புரம் வந்த பிறகு அக்கா கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான வந்தது?"

எனக்கு இன்னும் பேச்சு திரும்பவில்லை. தலையாட்டினேன்.

"அவள நாயி மாதிரி இழுத்துக்கினு போனாங்க. உன் கால்ல உழுந்தாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் சொன்னா எவளும் கேக்க மாட்டா. நீ சொல்லும்மா. உன் காலத் தொட்டவங்களாச்சே. எம் பொண்ணுக்கு இருக்கறதுதான் எனக்கும்னு நீ ஒரு வார்த்த சொல்லு. அப்பவாச்சும் அவளையும் மனுசியா பாக்குறாங்களா பாப்போம்."

சொல்வதற்குச் சந்தர்ப்பம் தானாக வந்தது. அடுத்த சனிக்கிழமை நான் போனபோது நாத்தனார் அங்கே உட்கார்ந்திருந்தார். தாம்பாளத்தில் தேங்காய், பழம், பூ, ரவிக்கைத் துணி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வயதில் என் அம்மாவை ஒத்தவர் எனக்காக எழுந்து நின்றது எனக்குக் கூசியது.

"அன்னிக்கு ஆத்தா வாயே தொறக்கலிங்க. எம் பையனுக்குக் கல்யாணம் தள்ளிக்கினே போவுது. இன்னா தோஷம்னு ஒரு வார்த்த கேட்டுச் சொன்னீங்கன்னா..."

"அது ஆத்தா இல்லைங்க" என்றேன்.

"வந்தவங்களுக்குத் தெரியாதுங்க. பாத்த எங்களுக்குத்தான் தெரியும்."

டாக்டரும் இதைத்தானே சொன்னார், வேறு வார்த்தையில். நான் விடவில்லை. பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். சத்தம் தாங்காது, பேச்சு நின்றுவிடும், உடம்பு ஆடும், சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். கிளிப்பு அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டினேன். "இவளுக்கு அன்னிக்கு வந்ததுதான் எனக்கும் வந்தது. இவளுக்கு இருக்கறதுதான் எனக்கும் இருக்குது. என் கால்ல உழுந்தீங்களே, இவளையும் அதே மாதிரி மதிக்கணுங்க."

அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக யாரோ தன் பக்கம் நின்று பேசுகிறார்கள் என்கிற முகம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. குழுவில் வருஷக்கணக்காக எழுதி எழுதிக் கைகூடாததை நேரில் சாதித்துவிட்டதாகவே நினைத்தேன்.

நாத்தனார் பெண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பெண்ணைப் பார்த்தார். பிறகு தன் புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அப்போ உங்களுக்கும் இந்தக் கோளாறா?"

தாம்பாளத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார்: "வயசுக்கு வந்த பொண்ண இவங்க கிட்டயா உட்டுட்டு நீ கடை கண்ணின்னு போய்க்கினு இருந்த? உனக்குப் புத்தி கித்தி இருக்குதா?"

அந்தப் பெண்ணை என் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தலாம் என்று போனேன். அவர்கள் என்னை அவள் இருந்த இடத்துக்கு இறக்கிவிட்டார்கள். இறக்கியதில் எனக்கு வருத்தமில்லை, அது என் இடம்தான். அந்த இடத்தில் இருப்பவர்களுக்கு வாயில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் கல்யாண தோஷத்தைக் கேட்கலாம் என்றிருந்த வாய், இப்போது எதைச் சொன்னாலும் கோளாறுதான் சொல்கிறது என்றாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அக்கா போன் செய்தார். வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து பேசினாராம், கத்தினாராம். "கொஞ்ச நாளைக்கு வர வேணாங்க" என்றார். அதுவரை என்னை வா போ என்றவர்தான்.

"நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களாக்கா?"

"நான் இன்னா நெனைக்கிறது? உங்களுக்கு மைல்டுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அன்னிக்குக் கோயில்ல பாத்தேனே. நான் பக்கத்துல இல்லாத நேரத்துல அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, வாயத் தொறந்து ஒரு ஆளக் கூப்புட உங்களால முடியுமா?"

நியாயமான கேள்வி. எல்லா நாளும் முடியும் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வீட்டில், அந்த மத்தியானங்களில், பம்பையும் ஒலிபெருக்கியும் இல்லாத இடத்தில் முடியும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட முடியும். போனில் எழுத முடியும். சில நாளு மைல்டு என்று நான் எப்போதும் சொல்லிக்கொண்டுதானே இருந்தேன்? அதையெல்லாம் கோர்த்துச் சொல்வதற்குள் உள்ளே அடுத்த ஸ்கேனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போய் உட்கார்ந்து மைல்டு என்று டைப் அடித்தேன்.

குழுவில் அந்த வாரம் லெவல் சண்டை உச்சத்தில் இருந்தது. கெடார் பக்கத்தில் நான் எந்த லெவலில் இருந்தேன் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை. யாரோடும் ஜெயித்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்கு என் சனிக்கிழமைதான் வேண்டும். அந்தச் சனிக்கிழமை சென்டர் மூடியதும் போவதற்கு இடமில்லாமல் புது பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டிகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அறைக்குப் போனால் சனிக்கிழமை முடிந்துவிடும் என்று ஒரு பயம். பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

ஆவணி பிறந்து சில நாள் கழித்து அக்கா மறுபடி போன் செய்தார். குரலைத் தாழ்த்தி, ஜல்தியாகப் பேசினார்.

"ஏம்மா, நான் ஒரு வழி சொல்றேன். நாத்தனா இன்னும் ரெண்டு மனசாத்தான் இருக்குது. ஆத்தாவா இருந்தாலும் இருக்குமோன்னு அதுக்கு ஒரு பயம். அன்னிக்கு நான் சொன்னது பொய், ஆத்தாதான் வந்தா, கூச்சத்துல மறைச்சிட்டேன்னு ஒரே ஒரு வார்த்த அது கிட்டச் சொல்லிடு. சாமி வந்தவங்க வீட்டுக்கு வர்றத எவனும் வேணாம்னு சொல்ல மாட்டான். எங்க வீட்டுக்காரரும் ஒத்துக்குவாரு. நீ பாட்டுக்கு எப்பவும் போல வரலாம், போவலாம்."

சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. ஒரு பொய். காலமெல்லாம் முகத்தாலேயே பொய் சொல்லிக்கொண்டிருப்பவளுக்கு வாயால் ஒன்று சொல்வதா கஷ்டம்? ஆனால் எனக்கு வந்தது ஆத்தா என்றால் அவளுக்கு வந்தது என்ன? அடுத்த ஆடிக்கு என்னை முன்னால் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வருவார்கள். அந்தச் சாவியை என் கையாலேயே கொடுத்துவிட்டு, சனிக்கிழமை அவளுக்கு முதுகு கொடுத்து உட்கார என்னால் முடியாது.

"முடியாதுக்கா" என்றேன்.

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது. அக்கா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை.

"மத்தவங்கள உடு. சனிக்கிழம மத்தியானம் ஆனா அவ போய் வாசல் கேட்டப் புடிச்சிக்கினு நின்னுடறா. சோறு ஊட்டக் கூப்புட்டாலும் வர மாட்டேங்கறா. இருட்டற வரைக்கும் நிக்கிறா. வர மாட்டேன்னு நீயே சொல்லிடு. இரு, போன அவ காதுல வைக்கிறேன்."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு மூச்சு. பிறகு அந்தச் சுருதி, "ம்ம்ம்" என்று. நிறுத்தினாள். நான் பதில் சொல்வதற்காகக் காத்திருந்தாள். எனக்கு முனகக்கூட வரவில்லை. மறுபடி ஒரு தடவை முனகிப் பார்த்தாள். நிறுத்தினாள். அக்கா போனை வாங்கி வைக்கும் வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.